வேலிக்கு வெளியே இருந்த சட்டி

மாதம்மா அக்கா இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. பென்னாகரத்துப் பள்ளி அலுவலகத்தில் வேலையை முடித்துவிட்டு ஏரியூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கைபேசியில் பெரிய மாமா, அதாவது அக்காவின் கணவர். "தலைக்கு ஊத்திக்கினு வந்தா சுமதி. வாசல்ல வுழுந்துட்டா. டாக்டர் வந்து பாத்துட்டு, முடிஞ்சிபோச்சுன்னுட்டாரு."

அழுகைக்கு முன்னால் என் வாயில் வந்தது ஒரு கேள்விதான். "காலைல இருந்து ஏதாச்சும் சாப்பிட்டாங்களா மாமா?"

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. விரத நாளில் அக்கா சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்கே தெரியும்.

நானும் அக்காவும் ஓரகத்திகள். அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரே வாசலில் எதிரெதிர் வீட்டில் இத்தனை காலம் இருந்தோம். இறந்தவர்களைப் பற்றி நல்லது மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். குள்ளமான உருவம், தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல், யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதம். பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவரும் அவர்தான். அந்தக் கஞ்சியைக் குடிக்காவிட்டால் திட்டுபவரும் அவர்தான்.

அவரிடம் நாட்டுக்கோழிகள் இருந்தன. ஒவ்வொரு வருடமும் மழை தொடங்குகிற சமயத்தில் அவை இறகை உதிர்த்துவிட்டு, கழுத்தும் முதுகும் வெறுந்தோலாக நிற்கும். முட்டையும் நின்றுவிடும். எங்கள் தெருவில் அதைச் சீக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புரட்டாசியில் கோழிக்கு விலை கிடையாது. வியாபாரி வண்டியில் கூண்டைக் கட்டிக்கொண்டு வந்து, கேட்ட விலைக்கு வாரிக்கொண்டு போவார். ஐப்பசியில் அதே தெருக்காரர்கள் தீபாவளிக்குக் கோழி தேடி அலைவார்கள். வருடா வருடம் இதே கூத்துதான்.

அக்கா மட்டும் ஒரு வருடம் மொட்டைக் கோழி ஒன்றை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "சீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. பழைய எறகக் கொட்டிட்டுப் புதுசு கட்டுதாம். வெறும் ராகியப் போட்டா எங்கிருந்து எறகு வரும்? எறகே சத்துலதான் ஆவுதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. கருவாட்டுத்தூள், புண்ணாக்கு, பட்டுப்புழு, இதெல்லாம் வெக்கணுமாம்." கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே தங்கள் கோழிகளை வியாபாரிக்குக் கொடுத்தார்கள்.

பட்டுப்புழு எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும். தருமபுரியில் பட்டு நூற்கிற இடத்தில், கூட்டை வேகவைத்து நூலெடுத்த பின் மிஞ்சுகிற புழு அது. அக்கா அதைப் பையில் கட்டிப் பேருந்தில் கொண்டுவருவார். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத என்னிடம் தமிழ் போதாது. ஒருமுறை நடத்துனர் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தாராம். "டிக்கெட் வாங்கிட்டன், புழுவுக்கும் சேத்து வேணும்னா கிழிங்க" என்று அக்கா உட்கார்ந்துவிட்டாராம். மாடியில் என் புடவை காய்கிற கொடிக்குக் கீழேயே அதைப் பரப்புவார். நான் சண்டைக்குப் போனால், "காத்து இந்தப் பக்கம் அடிச்சா நான் என்ன பண்ணட்டும்?" என்பார். ஆனால் புழுத்தூளும் புண்ணாக்கும் நறுக்கிய முருங்கைக்கீரையும் கலந்து தின்ற அவரது கோழிகள், தீபாவளி நெருங்கும்போது மினுமினுப்பாக இறகு கட்டி நிற்கும். அதை நான் மறுக்க முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். புரட்டாசி முழுவதும் கவுச்சி வாசலுக்குள் வரக்கூடாது. கோழி இறகு உதிர்ப்பதோ சரியாக அந்த மாதத்தில். "புழுவும் கவுச்சிதான், வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். அக்கா மறுத்துப் பேசவில்லை. வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு மண்சட்டியை வைத்தார். காலையும் மாலையும் அங்கே போய்த் தீனியைக் கலந்து வைப்பார். கோழிகள் தின்று முடித்ததும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியடியில், கட்டிய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படிக்குப் போவார். மாதம் முழுவதும், மழையென்றாலும் குளிரென்றாலும், இரண்டு வேளையும் இப்படித்தான்.

எனக்கு எரிச்சலாக வரும். ஏனென்றால் இரண்டு வருடமாக அவருக்கு உடம்பில் ரத்தம் இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்து, முட்டை, ஈரல், கீரை சாப்பிடச் சொன்னார்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அக்கா அதை அலமாரியில் வைத்துவிட்டார். சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. மற்ற நாளில் களியும் ரசமும்.

"கோழிக்கு எறகு கொட்டினா கருவாடு, புழு, புண்ணாக்கு. உங்களுக்கு முடி கொட்டினா ரசமாக்கா?" என்று கத்தினேன்.

"கோழி எந்தச் சாமியக் கும்புடுது? நான் கும்புடறனே" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புரட்டாசி போவட்டும் சுமதி. முட்ட சாப்பிடறன்."

போன வருடமும் இதையேதான் சொன்னார். புரட்டாசி போய், தீபாவளியும் போய், கார்த்திகைச் சோமவாரம் வந்தது, அது போனதும் மார்கழி வந்தது. முட்டைகள் பேரப்பிள்ளைகளுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் போயின. அக்காவின் தட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஊருக்கெல்லாம் சத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவரை என்னதான் செய்வது?

காரியத்துக்கு முன்பே, பால் தெளித்த மறுநாள், வியாபாரி வந்துவிட்டார். யார் சொல்லியனுப்பினார்களோ தெரியாது. வாசலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சாவு வூட்ல மொட்டக் கோழிங்க நிக்கறது நல்லாவா இருக்குது? புடிச்சிக் குடுத்துடுங்க" என்று ஒருவர் சொன்னார். பெரிய மாமா தலை நிமிராமல், "எனக்கு எதுவும் வாணாம், எடுத்துக்கினு போப்பா" என்றார். வியாபாரி ஒரு கோழியின் இறக்கையடியைப் பிடித்துத் தூக்கினார். அது கத்திய கத்தலில் நான் எழுந்துவிட்டேன்.

"வுடுங்க அத! முளைக்கிற எறகுல ரத்தம் ஓடுது, அமுக்கினா வலிக்கும்." அக்கா எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை அது. என் வாயிலிருந்து அவர் குரலிலேயே வந்தது.

"யாரு தீனி வெக்கறது சுமதி? புரட்டாசி இன்னும் முடியல. வேலி தாண்டிப் போயி வெச்சிட்டு, ரெண்டு வேளையும் நீ தலைக்கு ஊத்துவியா?" என்று மாமா கேட்டார்.

"தீட்டு வூட்ல ஏது மாமா புரட்டாசி? சாமிக்கு வெளக்கே ஏத்தலியே."

அது உண்மைதான். சாவு விழுந்த வீட்டில் பூஜை இல்லை. பெருமாள் படத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். விரதமும் இல்லை, விலக்கும் இல்லை. மாமா எழுந்து வேலிக்கு வெளியே போய், புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடந்த சட்டியைத் தன் கையாலேயே எடுத்துவந்து வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தார். வியாபாரி வெறுங்கூண்டோடு போனார்.

அவ்வளவுதான். பத்தடி தூரம். ஒரு சட்டி உள்ளே வர அக்கா சாக வேண்டியிருந்தது. அந்தத் தலைமுழுக்குதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ரத்தமில்லாத உடம்பு, வெறும் வயிறு, தலையில் பச்சைத் தண்ணீர். இதை நினைக்க நினைக்க எனக்கு மாமா மேல் கோபம், உறவுக்காரர்கள் மேல் கோபம், எல்லோரையும்விட அக்கா மேல் கோபம். தனக்கென்று ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். பேருந்து நடத்துனரிடம் போட்ட சண்டையில் பாதியை இந்த வாசலில் போட்டிருக்கலாம்.

இப்போது தருமபுரியிலிருந்து புழுவை நான் கொண்டுவருகிறேன். பேருந்தில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. மாமா புண்ணாக்கை ஊறவைத்து, கீரையை நறுக்கிக் கலக்கிறார். தீனி வைத்த பின் நாங்கள் கையை மட்டும் கழுவுகிறோம்.

கோழிகளின் கழுத்தில் முள்முள்ளாக முளைத்தவை விரிந்து இறகாகிவிட்டன. முதலில் உதிர்த்த கருங்கோழி இன்று காலை கூடைக்குள் ஒரு முட்டை வைத்தது. சூடு ஆறுவதற்குள் மாமா அதை எடுத்து வந்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேகவைத்து, உரித்து, உப்பு தூவி, அக்காவின் தட்டில் வைத்திருக்கிறேன்.

புரட்டாசி போய்விட்டது அக்கா. சாப்பிட வாங்க.