பத்துக்குப் பத்து

தட்டில் சோறு விழுந்த நாலாவது நிமிடம் சூர்யகலா கை கழுவப் போய்விடுவாள். எதிரில் இருப்பவர் அப்போதுதான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருப்பார். "அறுவது பேர் பந்தியில தின்னு வளர்ந்த வாயிங்க இது, லேட்டானா ரசம் தீர்ந்துடும்" என்று சிரிப்பாள். எங்கே யார் கேக் வெட்டினாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அவள் கை தானாகத் தட்டும். பதின்மூன்று வருடம் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்த ஊர்பேர் தெரியாத கனவான்களுக்கெல்லாம் வரிசையில் நின்று பாடித் தட்டிப் பழகிய கை அது.

வயது இருபத்தாறு. அனுமந்தையில் ஒற்றை அறை வாடகை வீடு. மரக்காணம் பக்கத்து இல்லங்களில் வளர்ந்து வெளியே வந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னைக் குழு ஒன்று ஆராய்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு வரும் ஆள் இவள். இவளும் அப்படி வளர்ந்தவள் என்பதற்காகவே வேலைக்கு எடுத்தார்கள். பிறகு அவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டதும் அதே காரணத்தால்தான்.

போன மாதம் முதல் சுற்று முடிந்தது. 'உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?' என்ற கேள்விக்கு, நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொன்பது பேர் பத்து போட்டிருந்தார்கள். குழுத் தலைவி கிருபா மேடத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் எண் எண்தானே. 'பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்குத் தனி உதவி தேவைப்படவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி ஏறிவிட்டது. அது அரசாங்கத்துக்குப் போகிற அறிக்கை.

கூட்டத்தில் அந்த வரியைப் படித்த சூர்யகலா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "மேடம், பேப்பர் பேனாவோட யாரு வந்தாலும் நாங்க நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவோம். சொல்லலன்னா வந்தவங்க மூஞ்சி சுருங்கிடும், அடுத்த வாரம் பாயசம் வராது. அதாங்க மேட்டரு."

சிரித்த வாய் அப்புறம் சண்டைக்கும் நின்றது. அதே ஆட்களிடம் பேப்பர் இல்லாமல் திரும்பப் போகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை மதியம் அறிக்கை போக வேண்டும். அதற்குள் பத்து போட்டவர்களில் பாதிப் பேர், இருபது பேராவது, வேறு சொன்னால் நிறுத்திவிடுவதாக மேடம் ஒப்புக்கொண்டார்.

அவள் போகிற விதமே தனி. நேர்காணல் என்ற சொல்லே வராது. பூண்டு உரிக்கிறவளோடு பூண்டு உரிப்பாள், துணி துவைக்கிறவளோடு பிழிந்து கொடுப்பாள். காய்ச்சல் வந்தா கஞ்சி யாரு வெச்சுக் குடுப்பா, தீபாவளிக்கு லீவு விட்டா எங்க போவ என்று நடுவில் போகிற போக்கில் கேட்பாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, "இத எழுதிக்கவா? வேணாம்னா விட்டுடறேன்" என்பாள். இப்படியே பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் திருப்பூர், பெங்களூர் என்று வேலைக்குப் போனவர்கள். போனில் இது ஆகாது. வெள்ளிக்கிழமை காலையில் கைக்கெட்டும் தூரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள், உப்பளத்தில் வேலை பார்க்கும் கலைமதி. சூர்யகலாவின் இல்லத்திலேயே மூன்று வருடம் மூத்தவள். வம்பு தும்பு இல்லாத பத்துக்காரி.

பஸ் நிற்பதற்குள் குதித்து, வரப்பில் அரை ஓட்டமாகவே போனாள் சூர்யகலா. இரண்டு முறை வழுக்கினாள். போன சூட்டோடு உப்புக் கூடைக்கு ஒரு கை கொடுத்தாள்.

"எனக்கென்னடி கொற? வூட்டுக்காரரு நல்லவரு. மாமியாரும் பரவால்ல. பத்தே போட்டுக்க" என்றாள் கலைமதி. மூன்று கூடை போனது. ஐந்து கூடை போனது. மணி பதினொன்று.

"அக்கா, உன் வளைகாப்புக்குத் தாய் வூட்டு சீர் யாரு கொண்டாந்தது?"

கலைமதி கூடையை இறக்கி வைத்தாள்.

"யாரு கொண்டாருவா. நானேதான். திண்டிவனம் போயி வளையலு, பொடவ, பழம், ஏழு தட்டும் நானே வாங்கினேன். மாசமா இருக்கற வயித்தோட ஆட்டோவுல நானே எடுத்தாந்து எறக்கி, ஹோம்ல குடுத்தனுப்பிச்சாங்கன்னு சொல்லிட்டேன். உங்க ஹோமு பரவால்லியேன்னாங்க மாமியாரு. இன்னிக்கு வரைக்கும் அவருக்குக்கூடத் தெரியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பத்துலாம் இல்லடி. நாலு போடு. எம்பேரு வேணாம், ஆனா எழுதிக்க."

சூர்யகலா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இருபது ஆகிவிட்டது. ஒருத்தி தன் சீரைத் தானே சுமந்த கதையைக் கேட்டுவிட்டுக் குதிக்கத் தோன்றுகிறதே, என்ன ஜென்மம் நான் என்று வெட்கமாகவும் இருந்தது. அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு எழுதினாள், பிறகு போனை எடுத்தாள்.

"மேடம், அனுப்பாதீங்க. இருவது ஆயிடுச்சி."

"நிறுத்திட்டேன் சூர்யா. அந்த வரிய எடுத்துடறேன். எல்லா மாவட்டத்துலயும் இனிமே உன் கேள்விதான் போகும்."

போனை வைத்தவள் கலைமதியைக் கட்டிப்பிடித்தாள். உப்பும் வேர்வையுமாக இருவரும் தள்ளாடி வரப்பிலிருந்து விழப் பார்த்தார்கள்.

"விடுடி, மேஸ்திரி பாக்கறாரு" என்று விலக்கிய கலைமதி, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா, நீயும் ஹோம்புள்ளதான. உன்னைய யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்களே. மொத பேப்பரே என்துதான்."

"என்ன போட்ட?"

சூர்யகலா பேனாவைப் பைக்குள் போட்டு மூடினாள். காலிக் கூடையை இழுத்துக் கலைமதிக்கு முன்னால் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"கேளுக்கா" என்றாள்.