ஞாயிறு நான்கு மணி முதல் ஆறு மணி வரை

12-03-2023 இனிப்புப் பெட்டி ஒன்று ரூ. 340
06-12-2023 தண்ணீர் கேன் இரண்டு ரூ. 80
18-04-2024 மொழித் தேர்வுக் கட்டணம் ரூ. 13,500
06-05-2024 விசா விண்ணப்பக் கட்டணம் ரூ. 18,900
26-08-2024 மொழிபெயர்ப்பு, 58 பக்கம் ரூ. 23,200
28-08-2024 கூரியர் ரூ. 2,650

முதல் இரண்டு தொகைகளும் மாப்பிள்ளையாக வரவிருந்த அடில்சன் செலவழித்தவை. நடுவில் உள்ள இரண்டும் மணப்பெண் சினேகாவின் சம்பளத்திலிருந்து போனவை. கடைசி இரண்டும், ஆக ரூ. 25,850, பெண்ணின் தகப்பனார் தாமோதரனின் ஓய்வூதியத்திலிருந்து போனவை. இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாமோதரன் வடசென்னைக் காத்திவாக்கத்துக்காரர். தகப்பன் கடலுக்குப் போனார்; இவர் துறைமுகத்துக்குப் போனார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிச் சீட்டில் குறிக்கிற டாலி கிளார்க் வேலை, முப்பத்து நான்கு வருடம். கப்பல்காரர் ஒரு கணக்குச் சொல்வார், சரக்குக்காரர் இன்னொன்று சொல்வார். கடைசியில் நிற்பது டாலி சீட்டு. அதில் அடித்தல் திருத்தல் இருந்தால் மொத்தச் சீட்டும் செல்லாது. 31-05-2017 அன்று ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்குக் கப்பல் இல்லாமல் போனது. கரண்ட் போகிற நேரத்தையும் தண்ணீர் லாரி வருகிற நேரத்தையும் தனித்தனி நோட்டில் எழுதத் தொடங்கினார். தெருவில் குடம் வைக்கிற சண்டை முற்றினால் தாமோதரனின் நோட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள். அதற்கப்புறம் யாரும் பேசமாட்டார்கள்.

சினேகா ஒரே மகள், இருபத்தெட்டு வயது, மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் வேலை. அடில்சன் ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் நகரத்துக்காரர். அதே யார்டில் புதிதாக வந்த கிரேன்களுக்குக் கம்ப்யூட்டர் பொருத்த ஒன்றரை வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தார். ஹாலந்து மாப்பிள்ளை என்றதும் தெரு ஒரு வெள்ளைக்காரனை எதிர்பார்த்து வாசலுக்கு வந்தது. அவருடைய பெற்றோர் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவொன்றிலிருந்து ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்கள் என்பது தெருவுக்குத் தெரியாது.

“இன்னா மாமு, ஃபாரின் மாப்ளன்னாங்கோ. நம்ம காசிமேட்டு ஆளு மாறியே கீறாரு” என்றார் மூலை டீக்கடைத் தங்கப்பாண்டி.

“பாஸ்போர்ட்டு பார்த்துட்டேன். ஹாலந்துதான்” என்றார் தாமோதரன். அதையும் குறித்து வைத்திருந்தார்.

அடில்சனைத்தான் கட்டுவேன் என்று மகள் சொன்னபோது அவர் முடியாது என்று சொல்லவில்லை, நிபந்தனை போட்டார். ஒன்று, யார்டு வேலை போக, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, வீட்டில், அவர் எதிரில் மட்டுமே சந்திக்கலாம். இரண்டு, சேர்ந்து வெளியே போகக் கூடாது. மூன்று, தாலி ஏறும்வரை ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது. நான்கு, விசா கைக்கு வரும்வரை தாலி கிடையாது; கட்டிவிட்டுப் போனவன் திரும்பி வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? நான்கையும் கேட்டு எந்த வெளிநாட்டுக்காரனும் ஓடிவிடுவான் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அடில்சன் சினேகாவை விட்டு மறுபடி ஒருமுறை சொல்லச் செய்து, கைபேசியில் எழுதிக்கொண்டு, “சரி மாமா” என்றார்.

அன்றைக்கே தாமோதரன் இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். வந்த நேரம், போன நேரம், கொண்டுவந்தது, சாப்பிட்டது, குறிப்பு. என்றாவது ஒருநாள் இந்த ஆள் வழுக்குவான், அன்றைக்கு மகள் முன்னால் நோட்டைப் பிரித்துப் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

“12-03-2023. வந்தது 4.00, போனது 5.58. இனிப்பு அரைக் கிலோ. இறால் வடை ஐந்து. காரம் தாங்காமல் கண்ணீர் விட்டார், நிறுத்தவில்லை.”

“21-05-2023. டீ வாங்கும்போது விரல் பட்டது. நேரம் 5.12. கவனிக்கவும்.”

“17-09-2023. கைபேசியோடு தனியே போய்ப் பேசினார், 6 நிமிடம். அம்மா என்றார். சந்தேகம்.”

“24-09-2023. அவர் தாயார் வீடியோவில் வந்து மங்கையுடன் பேசினார், 25 நிமிடம். இருவருக்கும் பொதுமொழி கிடையாது.”

மங்கை தாமோதரனின் மனைவி. அன்றிலிருந்து அவள் மாப்பிள்ளை கட்சி.

டிசம்பர் முதல் வாரம் புயல் மழை. தெருவில் வெள்ளம், எண்ணெய் ஆலையிலிருந்து கசிந்து ஆற்றோடு ஏறிய எண்ணெய் அதன்மேல் கறுப்பாக மிதந்தது. புதன்கிழமை காலை அடில்சன் இடுப்பளவுத் தண்ணீரில் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு தண்ணீர் கேன்களோடு வந்து நின்றார். தாமோதரன் எழுதினார்: “06-12-2023. அனுமதியற்ற நாள். வந்தது 10.20, போனது 10.40. உள்ளே அழைக்கவில்லை.” இருபது நிமிடமும் வாசல்படியில் நின்றுவிட்டுப் போனவருக்கு அந்த வாரக் கணக்கில் ஒரு குற்றம் சேர்ந்தது.

31-01-2024 அன்று ஒப்பந்தம் முடிந்து அடில்சன் ஊர் திரும்பினார். அதற்கப்புறம் தினமும் மாலை ஏழரைக்குப் போன். தாமோதரன் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினார். சினேகா அந்த நாட்டு மொழியின் ஆரம்பத் தேர்வுக்குப் படித்தாள். அங்கே எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள் என்று பாடத்தில் இருந்தது. கண்டெய்னர் லாரிக்குப் பயந்து மகளைச் சைக்கிள் தொடவிடாமல் வளர்த்தவர் தாமோதரன். இருபத்தெட்டு வயதில் அவள் மணலி புதுநகரின் அகலமான தெருக்களில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். தேர்விலும் தேறினாள். மே மாதம் விண்ணப்பம் போனது.

09-08-2024 அன்று பதில் வந்தது. சினேகா முதலில் மனத்துக்குள் படித்தாள், பிறகு தமிழில் சொன்னாள். ஒன்றரை வருடம் ஒரே ஊரில் இருந்த இருவர் ஒருமுறைகூடச் சேர்ந்து வெளியே போனதற்குச் சான்று இல்லை. சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படமும் இல்லை. இதை உண்மையான உறவு என்று ஏற்க இயலவில்லை. மறுப்பிருந்தால் நான்கு வாரத்துக்குள் சான்றுகளோடு எழுதலாம்.

“போட்டோ கேக்கறாங்க, நைனா” என்றாள் சினேகா. “நீ எடுக்க வுட்டியா?”

அவ்வளவுதான் கேட்டாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

தாமோதரன் வென்றுவிட்டார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஹாலந்து அரசாங்கமே அவருக்காக முடியாது என்று சொல்லிவிட்டது. அன்று மாலை ஏழரைக்குப் போன் வந்தது. சினேகா எடுத்தாள், இரண்டே நிமிடத்தில் வைத்தாள். அடுத்த நாள் மூன்று நிமிடம். எழுதிக்கொண்டிருந்த தாமோதரனை மங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாய்யா, இப்ப உனுக்குச் சந்தோசந்தானே?”

“நா இன்னா பண்ணேன்?”

“இன்னா பண்ணியா? அவுங்க கேக்கற சாட்சி ஊர்ல ஒர்த்தன் கையிலயும் இல்ல, உன் கையில கீது. பத்து மாசம் மூக்குக் கண்ணாடி போட்டுகினு எழுதினியே, அத்த எடுத்துக் குடு.”

“அது அதுக்கு எழுதினது இல்ல.”

“எதுக்கு எழுதினதுன்னு எனுக்குத் தெரியும். குடுய்யா.”

அவர் கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை நோட்டை எடுத்துவைத்து, கப்பல் ஒன்று காலியானால் செய்கிற மாதிரி மொத்தக் கூட்டல் போட்டார். மகளுக்காக அல்ல, கூட்டல் போடாத நோட்டை மூடி வைப்பது அவருக்கு வழக்கமில்லை. ஞாயிறுகள் 47. வந்தது 43. வராதது 4: காய்ச்சல் இரண்டு, வேலை ஒன்று, புயல் ஒன்று, நான்குக்கும் முன்கூட்டியே தகவல் உண்டு. நான்கு மணிக்குமேல் தாமதமாக வந்தது இரண்டு முறை, அதிகபட்சம் ஏழு நிமிடம். பதில் வந்த நாள்வரை 191 நாட்களில் போன் வந்தது 188. விரல் பட்டது ஒன்று. மற்றபடி குற்றம் என்று சொல்ல இருந்தது அந்தப் புதன்கிழமை மட்டும்தான்.

முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக இறங்கிய சரக்கை அவர் பார்த்ததில்லை. துறைமுகமாக இருந்தால் “குறைவு இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். போடாமல் வைத்திருப்பதற்குப் பெயர் என்ன என்பது அவருக்குத் தெரியும். பொய்ச் சீட்டு.

நோட்டைக் கொண்டுபோய் மகள் முன் வைத்தார். சினேகா முதலிலிருந்து படித்தாள். விரல் பட்ட இடத்தில் முகம் சிவந்தது. செப்டம்பர் பதினேழாம் தேதியில் நின்றாள்.

“நைனா, ‘அம்மா என்றார், சந்தேகம்’. இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிட்டுக் குடுக்கலாமா?”

“அடிக்கக் கூடாது.”

“சந்தேகம்னு நீயே எழுதினா அவுங்க இன்னா நினைப்பாங்க?”

“அத்த அடிச்சா அடுத்த வாரம் அவுங்கம்மா வந்து பேசனதுக்கு அர்த்தம் இல்ல. ஒரு வரி அடிச்சா மொத்தமும் டவுட்டு. போனா முழுசாப் போவட்டும், இல்லன்னா வேணாம்.”

பாரிமுனையில் ஜெரினா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர். சான்றிதழ், பத்திரம் எல்லாம் ஆங்கிலத்தில் ஆக்கி முத்திரை போட்டுத் தருகிறவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“சார், இது டைரியா, போலீஸ் ரிப்போர்ட்டா?”

“வருகைப் பதிவு.”

“‘குறிப்பு: ஒன்றுமில்லை’ன்னு பத்தொம்போது எடத்துல கீது. அதுக்கும் சேத்துத்தான் பக்கத்துக்கு நானூறு. தப்பா நினைக்காதீங்க.”

“ஒண்ணுமில்லன்னாலும் எழுதியாவணும்மா. வுட்டுட்டா நா பாக்கலன்னு ஆயிடும்.”

இரண்டு நாள் கழித்துப் போனபோது வேலை முடிந்திருந்தது. பணத்தை எண்ணி வாங்கியபின் ஜெரினா தயங்கிக் கேட்டார். “சார், அந்த வெள்ளத்தன்னிக்கு. உண்மையாவே உள்ள கூப்பிடலியா?”

“ஞாயித்துக்கிழமை இல்லியேம்மா” என்றார் தாமோதரன். சொன்னபின் அது முன்புபோல அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

நோட்டின் மூலமும் மொழிபெயர்ப்பும் 28-08-2024 அன்று கூரியரில் போயின. அதற்கப்புறம் நூற்றுப் பதினோரு நாள். நோட்டு கைவசம் இல்லாததால் தாமோதரன் ஏழரை மணிப் போன்களைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினார். அழைப்புகள் மறுபடி இருபது நிமிடத்துக்கு ஏறின. டீக்கடையில் தங்கப்பாண்டி மட்டும் அடிக்கடி கேட்டார். “இன்னா மாமு, உன் ஆளுக்கு எப்ப டிக்கெட்டு?” ‘உன் ஆள்’ என்பதைத் தாமோதரன் மறுக்கவில்லை.

நோட்டோடு சேர்ந்து கடிதம் வந்தது. சினேகா உரக்கப் படித்துச் சொன்னாள். மறுப்பு ஏற்கப்படுகிறது, விசா வழங்கப்படும். காரணமும் இருந்தது. விண்ணப்பதாரரின் தந்தை எழுதிய பதிவில், அவருக்கு இந்த உறவில் சிறிதும் விருப்பமில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆகவே அவர் எழுதியதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை.

மங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாமோதரன் நோட்டை வாங்கி ஏதாவது பக்கம் குறைகிறதா என்று எண்ணிப் பார்த்தார். குறையவில்லை.

“விருப்பமில்லன்னு நா எந்தப் பக்கத்துல எழுதிக்கீறேன்? காட்டச் சொல்லு.”

“தண்ணிகேன் தூக்கினு வந்தவன வாசல்ல நிக்க வச்சியே, அது எந்தப் பக்கம்?” என்றாள் மங்கை.

“நாப்பத்தொண்ணு” என்றார் தாமோதரன்.

சினேகா கைபேசியை எடுத்தாள். “நைனா, லெட்டரோட நாம மூணு பேரும் ஒரு போட்டோ எடுத்து அவுருக்கு அனுப்பட்டா?”

“தாலி ஏறட்டும்.” குரலில் வழக்கமான கண்டிப்பு இருந்தது. சிறிது கழித்து அவரே கேட்டார். “நம்மூர்ல ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நாலு மணின்னா, அங்க எத்தினி மணி?”

“இப்பக் குளிர் காலம். காலைல பதினொன்னரை.”

“வேலைக்குப் போற நேரமில்லியே?”

“இல்ல, நைனா. அங்கியும் அன்னிக்கு லீவுதான்.”

“அப்ப ஏழரைப் போன் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை நாலுலேருந்து ஆறுவரைக்கும் நீ போன் பண்ணு. லேட்டா பண்ணாத, நா எழுதுவேன்.”

சினேகா தலையை ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க அவருக்கு உடனே ஒரு வேலை தேவைப்பட்டது. திரும்பி வந்த நோட்டில் எழுதாமல் கிடந்த முதல் பக்கத்தைப் பிரித்தார், கோடு போட்டார், வந்த நேரம் என்ற இடத்தில் எழுதினார்: கடிதம், காலை 11.40, செவ்வாய், 17-12-2024.