சாவி உள்ளேயே இருந்தது

லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தோம். அதில் ஒரு கோளாறு. சில நாள் என்ஜின் சாவி சிக்கிக்கொள்ளும்; எவ்வளவு இழுத்தாலும் வராது. கதவுக்குச் சாவி வேறு என்பதால், அப்படியான நாட்களில் கதவுகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினால், கார் நின்ற இடத்தில் கண்ணாடித் தூள்தான் கிடந்தது. வேறு எங்கோ நிறுத்திவிட்டு மறந்ததுபோல இவர் கடைத்தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். நான் மரக்கறிப் பையோடு அங்கேயே நின்றேன்.

பொலிஸுக்குப் போகும் வழியில் குரலைத் தாழ்த்தினார்.

“சாவி எம் பையில இருந்துச்சுன்னு சொல்லிருவோம். உள்ள இருந்துச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் ஒன்னும் தரமாட்டான்.”

“சாவியக் காட்டுன்னு கேட்டா?”

“வீட்டுல இன்னொன்னு இருக்குல்ல.”

“நீங்க என்னமோ சொல்லுங்க. என்னயக் கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன்.”

ஸ்டேஷனில் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எழுதினார். சாவி எங்கே என்றதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னார். கள்ளனுக்கு நீங்களே வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டீர்களே என்று சார்ஜன்ட் சிரித்தார். இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அந்த வாரமே, வட்டவளைக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு கார் கிடப்பதாகப் பொலிஸ் சொல்லியனுப்பியது. எடுத்தவன் கடைசிவரை பிடிபடவில்லை. லொறியில் கட்டி இழுத்துவந்து ஹட்டன் கராஜில் போட்டோம்.

இன்சூரன்ஸ் கம்பெனி கொழும்பிலிருந்து ஒருவரைக் கராஜுக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்துக்காரர். பொலிஸ் முறைப்பாட்டை முன்னமே வாசித்திருந்தார்.

“திறப்பை உள்ளுக்கு விட்டிட்டுப் போனால் நாங்கள் என்னெண்டு காசு தாறது?”

“சாவி வரலைங்க சார். இப்பவும் அதுலதான் இருக்கு. நீங்களே இழுத்துப் பாருங்க.”

அவர் குனிந்து இழுத்தார். பிறகு கோட்டைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

“இதென்ன கோதாரி! பழுது எண்டு தெரிஞ்சும் ஏன் திருத்தேல்லை?”

“நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேங்க.”

அவர் எழுந்து, உடைந்த ஜன்னலையும் நெம்பித் திறந்திருந்த கதவையும் வெகுநேரம் பார்த்தார்.

“கதவைப் பூட்டித்தான் போயிருக்கிறியள். அதை நான் எழுதுறன். மிச்சம் கம்பெனிதான் சொல்லவேணும்.”

மழைக்காலம் போன பிறகுதான் பதில் வந்தது. நசுங்கிய முன்பக்கத்துக்குக் கம்பெனி கொடுத்தது. சாவித் துவாரத்தை எங்கள் செலவில் மாற்றச் சொன்னது. இவர் அன்றைக்கே கராஜுக்குப் போய் அதை முதலில் மாற்றினார். முன்பக்கத்துக்கு மட்டும் பழைய பச்சை நிறம் ஹட்டனில் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்த நீலத்தைப் பூசிக்கொண்டோம். விற்கும்வரை அந்தக் கார் பாதி நீலம், பாதி பச்சையாகத்தான் ஓடியது.