பருத்தி வீசுனது யாரு

எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னால இருந்த கதையெல்லாம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்னு போன ஆடியில செல்போன்ல பதிவு பண்ண உக்காந்தேன். எனக்கே பேத்தி இருக்கா. அம்மாவுக்குத் தொண்ணூறை நெருங்குது, பேச்சு மட்டும் இன்னும் கணீர்னு இருக்கு. அன்னைக்குன்னு பாத்து அம்மாவோட அண்ணன், எங்க மாமாவும் வந்திருந்தாரு.

பனவடலிசத்திரத்துக் கரிசக்காட்டுல பருத்தி எடுத்தது, சங்கரன்கோவிலுக்கு வண்டி கட்டிப் போனது எல்லாம் தங்குதடையில்லாம வந்துச்சு. அங்க நடக்குற ஆடித்தபசுத் திருவிழா கதைக்கு வந்ததும், "அந்த வருசம் எங்க அண்ணன்தான் பருத்தி வீசுனான்"னுட்டா. எனக்கு வந்துச்சே கோவம்!

விளைஞ்சதுல கொஞ்சம் எடுத்து வச்சிருந்து, தபசன்னைக்கு அம்மன் சப்பரத்து மேல வீசணும். பருத்தி, மிளகா வத்தல், கம்பு, எது விளைஞ்சுதோ அது. வீசாட்டா மறுவருசம் காடு கைவிட்ரும்னு பயம். அம்மா பெறந்த வீட்ல அது ஆம்பளைங்க வேலை. அம்மா தாவணி போட்ட புதுசுல, அம்பதுகளோட தொடக்கத்துல, தாத்தா தவறிட்டாரு. அந்த வருசம் மாமாதான் வீசணும். அவருக்கு முந்தின நாளே காய்ச்சல், எந்திரிக்க முடியலை. ஓலைப்பெட்டியில பருத்தி அப்படியே கெடக்கு. அம்மா ஒருத்தர்கிட்டயும் கேக்கலை. பெட்டியைத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டு வண்டியில ஏறிட்டா. கூட்டத்துக்குள்ள முண்டிப் போயி அவளே வீசிட்டு வந்துட்டா.

ஊரு சும்மா இருக்குமா? பொண்ணு பாக்க வாரவங்க காதுல விழுந்தா அடங்காப்பிடாரின்னு திரும்பிப் போயிருவாங்கன்னு, வீசுனது மகன்தான்னு வீட்ல சொல்லி வச்சாங்க. சொல்லிச் சொல்லி அதுவே நெசமாப் போச்சு. நான் முதல்முதலா வேலைக்குக் கெளம்புன அன்னைக்கு, என் தலையைப் பின்னிக்கிட்டே அம்மா உண்மையைச் சொன்னா. அன்னைக்கு பஸ்ல என்னைக் கையில பிடிக்க முடியாது, அம்புட்டு பெருமை.

இப்ப இந்தப் பதிவை என் பேத்தி கேட்டா, எங்கம்மா அந்த வீட்ல சும்மா இருந்த ஒரு பிள்ளை, அவ்வளவுதான். அவ செஞ்சது அவளோடயே போயிரும்.

போனை நிறுத்திட்டு, ஏம்மா இப்படிச் சொல்லுதன்னு கேட்டேன். அவ மாமா பக்கம் கண்ணைக் காட்டுனா. வயசான அண்ணனை, பேரப்பிள்ளைக கேக்கப் போற எடத்துல எறக்கிப் பேச அவளுக்கு மனசு வரலை. எனக்குப் புரியாம இல்ல. ஆனா எங்கம்மாவை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசு வரலியே. ரெண்டு பேரையும் முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மாமா தொண்டையைச் செருமிக்கிட்டு போனை மறுபடி போடச் சொன்னாரு. தங்கச்சி பக்கம் திரும்புனாரு.

"ஏட்டி, நான் பாயில சுருண்டு கெடந்தேன். நீ போகலைன்னா நம்ம வீட்டு மானம் போயிருக்கும். அதை இத்தனை வருசமா என் பேர்ல சொன்னது போதும். நீயே சொல்லு."

அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சா. பெறகு நிமிந்து உக்காந்து, போனைப் பாத்துச் சொன்னா.

"வீசுனது நான்தான். வெறும் பருத்தியா வீசுனா பாதியில விழுந்துரும்னு, நடுவுல கம்பங்கதிரை வச்சு இறுக்கிச் சுத்தி எறிஞ்சேன். சப்பரத்து உச்சியில போயி உக்காந்துச்சு. எங்க அண்ணன் எறிஞ்சிருந்தா அதுல பாதிகூடப் போயிருக்காது."

"அது வாஸ்தவம்தான்"னாரு மாமா.