வாப்பாவுக்கு எந்த மொழி

சைகோனின் பெரிய சந்தைக்குப் பக்கத்தில் வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். ஒரு மழைக்கால மதியம், யாருக்கோ பட்டுத்துணி அளந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவரைத் தூக்கி வந்தார்கள்.

சில நாட்களில் பேச்சு கொஞ்சம் திரும்பியது. ஆனால் தமிழ் மட்டும். இளவயதில் காரைக்காலில் கப்பலேறி வந்தவர் அவர். சர்க்கார் ஆட்களிடம் பிரெஞ்சு, சந்தையில் வியட்நாம் மொழி என்று சரளமாகப் பேசியவர். என் அம்மா சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊர்ப் பக்கத்து வியட்நாம்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுடைய கல்யாண வாழ்க்கை முழுவதும் அவளுடைய மொழியில்தான் நடந்தது. அந்த மொழியில் இப்போது அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியவில்லை.

போர்க்காலம் அது. எங்கள் வார்டு, தலையில் குண்டும் சில்லும் பாய்ந்த சிப்பாய்களால் நிறைந்திருந்தது. வார்டு டாக்டர் பிரான்சில் மூளை நரம்பியல் படித்துத் திரும்பிய வியட்நாம்காரர். எங்கே அடிபட்டால் பேச்சு போகிறது, எங்கே அடிபட்டால் எழுத்து போகிறது என்று ஒவ்வொரு தலையிலும் தேடுவார். பல மொழி தெரிந்த நோயாளிகள்மேல் அவருக்குத் தனி ஆர்வம். வாப்பாவின் முன் கரண்டி, சீப்பு, சாவி என்று ஒவ்வொன்றாக நீட்டி மூன்று மொழியிலும் பேர் கேட்டார். வாப்பா, "சீ... சீப்பு" என்றதும் டாக்டரின் முகம் மலர்ந்தது. என் தகப்பனார் அபூர்வமான நோயாளி என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"ஒரே மொழியில் பயிற்சி கொடுங்கள்," என்றார் டாக்டர். "கலந்து பேசினால் மூளை குழம்பும். எந்த மொழி என்று வீட்டில் முடிவு செய்யுங்கள்."

வீட்டில் யாரையும் கேட்கவில்லை. நான் அங்கேயே தமிழ் என்றேன். மிஞ்சியிருப்பது அதுதானே என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தமிழ் பேசியது நாங்கள் இருவர் மட்டும்தான். சின்ன வயதிலிருந்தே அது எனக்கும் வாப்பாவுக்கும் மட்டுமான இடம். அந்த இடத்துக்கு அவர் முழுதாகவே வந்துவிட்டது எனக்குள் எங்கேயோ இனித்தது.

அன்று மாலை கான் ஹொய் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் அம்மாவிடம் அவள் மொழியில் சொன்னேன். "மா, கொஞ்ச நாளைக்கு நீ அவர்கிட்ட பேசாதே. டாக்டர் சொல்றாரு."

"எதுவுமேயா?"

"எதுவுமே. உன் பேச்சு காதுல விழுந்தா அவருக்குக் குழம்பும்."

அவள் தலையாட்டினாள். வாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வாயைத் திறக்காமலே அவருக்குக் கஞ்சி ஊட்டினாள், சவரம் செய்துவிட்டாள், புரட்டிப் படுக்க வைத்தாள். எங்காவது குண்டு வெடித்து ஜன்னல் அதிரும்போது அவர் தோளில் கையை வைப்பாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வாப்பா, இது என்னா? சொல்லுங்க," என்று பாடம் நடத்துவேன். அவர் ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் நான் கை தட்டுவேன். அம்மாவும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமலே.

ஒரு மாதத்துக்குமேல் அப்படியே போயிற்று. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா அடுப்படியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். காலையில் குச்சியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனானாம். அவளுடைய அக்காவின் வீட்டில் ஷெல் விழுந்துவிட்டது. பெரியம்மா இல்லை. நாள் முழுக்க அம்மா அந்தச் சேதியை வைத்துக்கொண்டு வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவருக்குச் சோறும் ஊட்டியிருக்கிறாள்.

"அவர்கிட்ட சொல்லலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

தன் புருஷனிடம் தன் அக்கா செத்ததைச் சொல்ல என்னிடம் அனுமதி கேட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நீ இரு, நான் தமிழ்ல சொல்றேன்," என்றேன்.

சொன்னேன். வாப்பாவின் முகம் கோணியது. அம்மாவைப் பார்த்துத் தமிழில் திணறினார். "ஒன் அக்கா... வாத்து... அவ மட்டும்... வந்தா."

"என்ன சொல்றாரு?" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

அவர்கள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டிலிருந்து வந்தவர் பெரியம்மா மட்டும்தான். வாப்பா தம் முறைப்படி அறுத்துக்கொள்ளட்டும் என்று உயிரோடு ஒரு வாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்போது அவர்களுக்கு நடுவே நின்று, "அந்த வாத்தைப் பத்திச் சொல்றாரு, மா," என்றேன்.

அம்மா உடைந்துபோனாள். "மின் ஓய்" என்று அவரைக் கூப்பிட்டாள். அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு அடக்கிவைத்த அத்தனையையும் தன் மொழியில் கொட்டினாள். அக்காவைப் பற்றி, எரிந்த வீட்டைப் பற்றி, பிழைத்த பிள்ளைகளைப் பற்றி. வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பிள்ளையின் பெயர் வந்ததும் இடது கையைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, "இவ்வளவு சின்னவன்தானே?" என்பதுபோல் காட்டினார். அம்மா ஆமாம் என்றாள்.

அவருக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை நாளும் புரிந்திருக்கும். பேசத்தான் முடியவில்லை. கட்டிய மனைவி ஏன் தன்னோடு பேசாமல் போனாள் என்று அவர் என்ன நினைத்தாரோ!

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் என்ன சொல்கிறார் என்றுதான் சோதித்தேன். என்ன புரிந்துகொள்கிறார் என்று சரியாகச் சோதிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்," என்றார். நானும் ஒரு தடவைகூட வாப்பாவைச் சோதித்துப் பார்க்கவில்லையே.

அதற்குப் பிறகு அம்மா ஓயாமல் அவரோடு பேசினாள். வியட்நாம் மொழியிலும் அவருக்குச் சில சொற்கள் வந்தன. ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி வாதம் அடித்து இறந்துபோனார். சைகோன் கைமாறுவதற்குச் சற்று முன்னால் நான் அம்மாவை அழைத்துக்கொண்டு காரைக்கால் வந்தேன். அங்கே அம்மாவின் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபின் மாலைவரை அவளுக்குப் பேச ஆளில்லை.

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதே பின்னாளில் என் வேலையாயிற்று. ஓய்வு பெறும் சமயத்தில் பாண்டிச்சேரியில் ஒரு கூட்டம். இளம் டாக்டர் ஒருத்தி மூளை ஸ்கேன் படங்களைத் திரையில் போட்டு விளக்கினாள். மொழிகள் மூளையில் தனித்தனி அறைகளில் இல்லையாம், பெரும்பாலும் ஒரே இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனவாம். ஒரு மொழியில் செய்யும் பயிற்சி சிலருக்கு இன்னொன்றுக்கும் உதவுமாம். "வீட்டில் எந்த மொழி பேசுவார்களோ, அத்தனையும் பேசட்டும். யாரையும் பேசாதே என்று சொல்லாதீர்கள்," என்றாள். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் பேனாவை எடுக்கவேயில்லை.

காரைக்கால் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு வயதாகிவிட்டிருந்தது. "மா, அன்னைக்கு உன்னைப் பேசவிடாம பண்ணினேனே, அது தேவையே இல்லையாம். என்னை மன்னிச்சிடு."

"நீ படிச்சவ," என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் மீன்காரி கூப்பிட்டாள். நாளைக்குச் சின்ன மீனாகக் கொண்டுவரச் சொல் என்றாள் அம்மா, தன் மொழியில். நான் போய்த் தமிழில் சொன்னேன்.