சித்தி போட்ட வழக்கு

எங்கள் அம்மப்பா ஒருநாளும் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஏதோ பட்டம் வாங்கிய பெருமையோடு குடும்பத்தில் இதைச் சொல்லிக்கொள்வார்கள். அவர் குடிப்பதுமில்லை, யாருடைய வேலிச் சண்டைக்கும் போவதுமில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கரையோடு கட்டும் ஆட்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இயந்திரச் சத்தத்தையும் தாண்டி அவருடைய குரல் கேட்குமாம். வீட்டில் அந்தக் குரல் அவருக்குத் தேவைப்படவில்லை. சாய்மனைக் கதிரையில் படுத்தபடி, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில்தான் பேசுவார்.

பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் சித்தி. சித்தியைப் பெற்ற கையோடு அம்மம்மா இறந்துவிட்டார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் அம்மாதான் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பிறகு அம்மா கலியாணம் முடித்து லிங்கநகரிலேயே அடுத்த ஒழுங்கைக்கு வந்துவிட, அம்மப்பாவும் சித்தியும் தனியே இருந்தார்கள்.

கறியில் உப்புக் குறைந்தால், "கொம்மாவைத் திண்டவளுக்கு உப்பு ஏன்?" என்பார். சித்தி புதுச் சட்டை போட்டால், "ஆரை மயக்கப் போறாய்?" என்பார். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரிடம், "இவளுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை, பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். சித்தி எங்காவது பயணம் போக நினைத்தால் அம்மப்பா சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொள்வார். "நான் செத்துக் கிடப்பன், வந்து பார்." சித்தி பையிலிருந்து உடுப்புகளை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைப்பார். அப்போது சித்திக்கு முப்பது வயது கடந்திருந்தது.

"அப்பா கதைக்கிற விதம் அது" என்பார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சில வீடுகளில் எந்நேரமும் ரேடியோ பாடும், இந்த வீட்டில் அம்மப்பா பேசுவார், அவ்வளவுதான்.

சித்தி துறைமுக வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருந்தார். அங்கே அவர் வேறு ஆள். வெள்ளை மேலங்கியோடு நின்று, "சாப்பாட்டுக்கு முன்னம் ஒண்டு, படுக்கேக்க ஒண்டு. விளங்கினதோ?" என்று கேட்டால் பெரிய மீசைக்காரர்கள்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலத் தலையாட்டுவார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குரல் காணாமல் போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தபோது சித்திக்கு மட்டக்களப்பில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இந்தமுறை அம்மப்பா பட்டினி கிடந்தும் சித்தி பையிலிருந்து உடுப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தார். கடைப் படியில் நின்று, அதுவரை நான் கேட்டிராத துறைமுகக் குரலை எடுத்தார்.

"பிறக்கேக்கயே தாயைத் திண்டவள் இவள். இப்ப என்னையும் கொல்லப் போறாள். இவளின்ர கையாலயோ நீங்கள் மருந்து வாங்கிக் குடிக்கிறியள்?"

வரிசையில் நின்ற ஒருவர் நீட்டிய மருந்துச் சீட்டை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் குளிசைகளை எண்ணிக்கொண்டிருந்த சித்தியின் விரல்கள் நின்றுவிட்டன.

அன்று சித்தி வீட்டுக்கு வரவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் தங்கினார். மறுநாள் பொலிஸுக்குப் போனாராம். "தகப்பன்தானே தங்கச்சி, கதைச்சுச் சமாதானமாப் போங்கோ" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். சித்தி சமாதானமாகப் போகவில்லை. விசாரித்து விசாரித்து ஒரு பெண் சட்டத்தரணியைத் தேடிப் போனார். சில நாட்களில் அம்மப்பாவுக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது.

அம்மா கொதித்துப்போனார். தொலைபேசியில் அழுதுகொண்டே கத்தினார். "பெத்த தகப்பனைக் கோட்டில ஏத்தவோ நான் உன்னைத் தூக்கி வளர்த்தனான்? ஊர் என்ன கதைக்கும்?"

சித்தி என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் குசினிக்குள் அடுப்பைக்கூட மூட்டாமல் நின்றார்.

வழக்கு நாளில் அம்மா அம்மப்பாவின் பக்கம்தான் போனார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். நீதிமன்ற மதிலோரம் நிழலில், நகருக்குள் திரியும் மான்கள் படுத்திருந்தன. உள்ளே கள்வர்களும் கொலைகாரர்களும் சங்கிலியோடு நிற்பார்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனேன். எங்கள் வழக்கு வந்தபோது மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்த என்னை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த உயரமான மண்டபம் காலியானதும் இன்னும் பெரிதாகிவிட்டது. நான் மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது.

நீதவான் சித்தியைவிட இளையவராகத்தான் தெரிந்தார்.

"அப்பா உங்களுக்கு அடிச்சவரா?"

"இல்லை ஐயா."

"அடிக்க வந்தவரா?"

"இல்லை ஐயா. கதைக்கிறவர்."

அம்மப்பா திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நீதவான் சிரிக்கவில்லை.

"என்ன கதைக்கிறவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

சித்தி சொன்னார். மருந்துக்கடைக் குரலில் சொன்னார். அழவுமில்லை, எதையும் கூட்டவுமில்லை. உப்பு, சட்டை, மூளை, செத்த தாய், சாத்திய கதவு, ஒவ்வொன்றாக. நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வசனங்கள்தான் அவை. ஆனால் அந்த மண்டபத்தில், ஒருவர் அவற்றைக் குறித்துக்கொண்டிருக்க, நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, அன்றுதான் அவை முதன்முதலாக என் காதில் விழுந்தன. பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் பெத்த பிள்ளை ஐயா. எனக்குக் கதைக்க உரிமை இல்லையோ?" என்றார் அம்மப்பா.

"கதைக்கலாம். கதைச்சுக் கதைச்சே ஒரு ஆளை உடைக்க ஏலாது. வீட்டு வன்முறைச் சட்டம் கைகால் அடிக்கு மட்டுமில்லை ஐயா, மனசைத் துன்புறுத்திறதுக்கும் இருக்கு. பிள்ளை வளர்ந்த ஆள் எண்டாலும் இருக்கு."

பிறகு நீதவான் கட்டளையை வாசித்தார். சித்தி இருக்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ அம்மப்பா போகக் கூடாது. நேரிலோ தொலைபேசியிலோ ஏசக் கூடாது. மீறினால் அது குற்றம். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று சித்தியிடம் கேட்டார்.

"அவர் பிரசர் குளிசையை நிப்பாட்டாமல் போடோணும் ஐயா. என்னில கோவத்தில நிப்பாட்டிப் போடுவார்."

"விளங்கினதா?" என்று நீதவான் அம்மப்பாவைக் கேட்டார். "ஓம் ஐயா" என்றார் அம்மப்பா. கப்பல்களைக் கட்டிப்போட்ட மனிதர் இன்னொருவருக்கு ஓம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. வெறும் சொற்களால் இப்படியும் ஒரு மனிதரை நிறுத்திவைக்க முடியுமா என்று நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டளையை அவர் கடைசிவரை மீறவில்லை. சித்தி மட்டக்களப்புக்குப் போனார். அந்த மருந்துக்கடைக் குரலோடேயே போனார்.

அன்று வெளியே வந்ததும் அம்மப்பா ஓட்டோ பிடிக்க வாசலுக்குப் போனார். சித்தி எங்களைக் கடந்துபோகும்போது என் தலையில் கை வைத்தார். அம்மா என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த சித்தியின் சட்டத்தரணியிடம் போனார். நிற்கச் சொன்ன இடத்தில் நான் எப்போது நின்றேன்?

"கலியாணம் முடிச்சு வேற வீட்டில இருக்கிற பிள்ளையளுக்கும் இந்தச் சட்டம் இருக்கோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அக்கா. ஆருக்கு?"

"ஒருத்தருக்குமில்லை. சும்மா கேட்டனான்."

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மப்பா நடுவில் இருந்து, தங்கையை வளர்த்த லட்சணத்தை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். தாழ்ந்த குரலில்தான். அம்மா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் ஒழுங்கையில் கலியாணம் முடித்திருந்த பெண்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, அம்மா யாருக்காகக் கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.