கிழியாத துணிக்கு ஒட்டு

வதனி அக்கா நேற்று இறந்துவிட்டார்.

உட்துறைமுக வீதியில் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைக்கும் வதனி அக்கா. வயது முப்பத்திரண்டு. நுரையீரலில் ரத்தக்கட்டி...

அம்மா அடுத்த அறையில். போன் வெளிச்சம் தெரியாமல் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டில் இரண்டு பேர் கதைத்தது காதில் விழுந்தது. மூன்று பிள்ளைகளையும் வயிற்றிலேயே கொண்டுபோன ராசி, கடைசியில் அவளையும் கொண்டுபோய்விட்டதாம்.

ராசி இல்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம்.

கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய அன்ரிபொடிகள் ஆள் மாறி, எங்கள் ரத்தக்குழாய்ச் சுவரிலும் ரத்தத்திலும் உள்ள சொந்தப் புரதங்களிலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. உடனே உடம்பு எங்கோ காயம் பட்டுவிட்டது என்று நினைத்து ரத்தத்தை உறைய வைக்கப் பார்க்கிறது. காலில் உறையலாம். நுரையீரலில் உறையலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் போகும் நஞ்சுக்கொடியிலும்...

கிளினிக்கில் டொக்டர் இதை விளங்கப்படுத்தியபோது அக்கா சிரித்தார்.

"கிழியாத துணிக்கு ஒட்டுப் போடுற மாதிரி, என்ன டொக்டர்? இப்பிடி ஒரு தையல்காரியை நான் கடையிலை ஒரு நாளும் வைச்சிருக்க மாட்டன்."

டொக்டரும் சிரித்துவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

எனக்கும் அதே வருத்தம்தான். போன வருடம் என் கால் வீங்கியது நெற்போல் விளையாடி விழுந்ததால் இல்லை. காலில் ரத்தக்கட்டி. நெற்போல் கதை அம்மா கட்டியது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத பிள்ளை. நாளைக்குக் கலியாணம் பேசேக்க உந்தக் கதைதான் முன்னுக்கு வரும்."

ஒரு நாள் கிளினிக்கில் எங்கள் ஒழுங்கை மாமி ஒருவர் என்னைக் கண்டுவிட்டார். அக்காதான் முந்திக்கொண்டு, இவள் எனக்குத் துணைக்கு வந்தவள் என்றார். மாமி போனதும் என் காதுக்குள், "அளவெடுக்காமலே தைச்சிட்டன், சரியாப் பொருந்திட்டுது" என்றார்.

கடைசியாகக் கண்டது கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று. பிள்ளை வரம் கேட்டு ஆறு நாளும் இளநீர் மட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசை போடுறீங்களா என்று கேட்டேன். மாமியார் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். ரத்தம் உறைய நேரம் எடுக்கிறது என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே, தண்ணி மாதிரி ரத்தத்துக்கு இன்னும் எதற்குக் குளிசை, விரதம் வேறு முறியும் என்றாராம்.

அந்த ரிப்போர்ட்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. சோதனைக் குழாய்க்குள் இந்த அன்ரிபொடி ரத்தம் உறைவதைப் பிந்தப் பண்ணும். உடம்புக்குள் நேர் எதிர். டொக்டர் அதையும் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்.

"தெரியுமடி. ஆனா இனியும் பிள்ளை தங்காட்டி, விரதத்திலை குளிசை போட்டதாலைதான் எண்டுவினம். ஆறு நாள்தானே."

நான் வந்து மாமியாருக்குச் சொல்லட்டுமா என்றேன். எனக்கும் அதே வருத்தம் என்றால் நம்புவார்தானே...

"உன்ரை கதையெல்லோ வெளியிலை வந்திடும். போ, போய்ப் படி."

போனேன்.

ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கப் போகும் வழியில் மூச்சு எடுக்க ஏலாமல் விழுந்தாராம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றும் காலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். ஆனால் என் கதை இனி வெளியில் வரட்டும். என் சொந்தப் பெயரில்தான் போடுகிறேன். கலியாணம் பேச வருகிறவர்கள் முதலில் இதை வாசித்துவிட்டு வரட்டும். வராவிட்டாலும் போகட்டும்.

பிள்ளை தங்காத அக்காமாரே, உங்களை ராசியில்லாதவள் என்று யாரும் சொன்னால் வாயை மூடச் சொல்லுங்கள். ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். எந்த விரதமானாலும் அவரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள்.

அம்மா, விடியக் காண்பீங்கள். ஏசுங்கோ. நான் அழிக்க மாட்டேன்.

வதனி அக்கா... போயிட்டு வாங்கோ. எனக்காக இனி நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை.